குழு புராஜெக்ட் எங்கே உடைகிறது? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

கதை எழுத ஒருவர், வரைய ஒருவர், அசைவு கொடுக்க ஒருவர், இசைக்கு ஒருவர், கம்ப்யூட்டர் கோடு (புரோகிராம்) எழுத ஒருவர் என்று ஆளுக்கொரு துறையிலிருந்து வந்து அனிமேஷன் படம், கம்ப்யூட்டர் விளையாட்டு மாதிரி ஒரே புராஜெக்ட்டில் உட்காரும்போது முதல் வாரம் எல்லாருக்கும் எல்லாரையும் பிடிக்கும். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் தனியாக வந்து "அவனோட வேலை செய்யவே முடியலை" என்பார். நான் ஒலிப்பக்கத்து ஆள். மாணவனாக இருந்தபோது இப்படிப்பட்ட குழுக்களில் கடைசியாக வேலை வாங்கிக்கொள்கிற ஆளாக இருந்திருக்கிறேன், இப்போது மாணவர் குழுக்களோடு கூட இருந்து உதவுகிறேன். அந்தப் புகார் வந்ததும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஃபைல், யாரிடமிருந்து யாருக்குப் போனபோது இது ஆரம்பித்தது? கொஞ்சம் யோசித்தால் பெரும்பாலும் ஒரு நாள், ஒரு ஃபைல் என்று விரல் வைத்துக் காட்டிவிட முடிகிறது. குணம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது, வேலை கைமாறும் இடத்தில் விட்டுப்போன ஒரு சின்ன விஷயமாக இருக்கும்.

அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் குழுவில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள், எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றில்லை.

## எல்லாரும் சரி என்றோம், வந்து சேர்ந்ததோ ஆளுக்கொரு படம்

கூட்டத்தில் "சோகமா இருக்கணும், ஆனா முழுசா இருட்டா வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் தலையாட்டினீர்கள். இரண்டு வாரம் கழித்து ஓவியர் சாம்பல் நீலத்தில் நாலைந்து காட்சிகளோடு வருகிறார், இசைக்காரர் ஒற்றை வயலினோடு வருகிறார், அனிமேஷன் செய்கிறவர் துள்ளித் துள்ளி நடக்கும் பாத்திரத்தோடு வருகிறார். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சும்மா இருக்கவுமில்லை. ஆளுக்கொரு சோகம் மனதில் இருந்தது, அவ்வளவுதான்.

1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த ஒரு சோதனை எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஞாபகம் வரும். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றை ஒருவர் மனதுக்குள் பாடிக்கொண்டே மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டியது 120 பாட்டு, எதிராளிகள் சரியாகச் சொன்னது 3. தட்டுகிறவர் காதுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்கு மரத்தில் டொக் டொக் மட்டும்தான். உங்கள் கூட்டத்தில் "சோகம்" என்று சொன்னவருக்கும் கேட்டவர்களுக்கும் நடுவே நடந்ததும் இதேதான்.

இன்னொரு சிக்கலும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரே சொல் ஒவ்வொரு துறையிலும் வேறு பொருளில் புழங்குகிறது. 'பீட்' என்றால் இசைக்காரருக்குத் தாளத்தின் ஒரு தட்டு, திரைக்கதை எழுதுகிறவருக்குக் கதையில் ஏதோ ஒன்று மாறும் கணம். 'கீ' என்றால் இசையில் சுருதி, அனிமேஷனில் முக்கியமான நிலையை வரைந்த ஃப்ரேம் (நகரும் படத்தின் ஒரு தனிப்படம்), ஒளியமைப்பில் முதன்மை விளக்கு. டெக்ஸ்சர், ஸ்கேல், ரெசல்யூஷன் எல்லாமே இந்த ரகம்தான். ஒரு குழுவில் "இந்த சீன்ல பீட் குறைவா இருக்கு" என்று கதைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு இசைக்காரப் பெண் ராத்திரி முழுக்க உட்கார்ந்து டிரம்ஸ் சேர்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் "நான் கேட்டது இது இல்லையே" என்று அவர் சொன்னபோது அவள் லேப்டாப்பை மெதுவாக மூடிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த ஒரு வாரம் அவள் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.

சரிசெய்ய வேண்டுமானால் விவரிப்பதை நிறுத்திவிட்டுச் செய்து காட்டுங்கள். படத்திலிருந்தோ விளையாட்டிலிருந்தோ ஏதாவது ஒரு 10 நொடியை எடுத்துக்கொண்டு, அதை முதல் வாரத்திலேயே எல்லாத் துறையும் தொட்டு முடித்துவிடுங்கள்: வசனம், ஓவியம், அசைவு, ஒலி, வண்ணம், எடிட் எல்லாம் கரடுமுரடாக. அழகு தேவையில்லை, குச்சி மனிதன் போதும், ஆனால் கடைசிக் கட்டம் வரை போயிருக்க வேண்டும். அந்த 10 நொடியை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்போதுதான் "ஓ, நீ சோகம்னா இதைச் சொன்னியா" என்ற பேச்சே வரும். ஃபைல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் பாதையும் முழுக்க ஒரு முறை சோதிக்கப்பட்டுவிடும், அதனால் கீழே நான் சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி அப்போதே தலைகாட்டிவிடும். "கதையே இன்னும் முடியலையே" என்பதுதான் இதைத் தள்ளிப்போட எல்லாரும் சொல்லும் காரணம். முழுக்கதை தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு 10 நொடி நிச்சயம் தெரிந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் எந்தக் குழுவோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

## ஒலியும் படமும் ஒட்டவில்லை

"சவுண்ட் சேரலை" என்று மட்டும் சொன்னால் யாராலும் திருத்த முடியாது. எப்படிச் சேரவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. ஆரம்பத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், கடைசியில் ஓரிடம் என்று மூன்றையும் நிறுத்திப் பார்த்து எத்தனை ஃப்ரேம் விலகல் என்று எழுதிக்கொண்டு அப்புறம் பேசுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், இரண்டு பேரும் வேறு வேறு வேகத்தில் வேலை செய்திருக்கிறீர்கள். ஒருவர் நொடிக்கு 24 ஃப்ரேம் வைத்திருப்பார், இன்னொருவரின் மென்பொருளில் 23.976 இருக்கும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் 3 நிமிடப் படத்தின் கடைசியில் அது 0.18 நொடி, அதாவது 4 ஃப்ரேம். வசனம் பேசும் உதட்டில் அது பளிச்சென்று தெரியும். 24க்காகச் செய்ததை 25இல் ஓட்டினால் அதே 3 நிமிடம் 7.2 நொடி குறைந்துவிடும். இசை வேகமாகவும் ஒன்றரை செமிடோன் (அரைச் சுரம்) ஏறியும் கேட்டால் ஃப்ரேமைத் தேடாதீர்கள், ஒலி ஃபைல் 44,100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை முறை ஒலியை அளந்து) பதிவாகி 48,000 என்று தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது. வீடியோ வேலைக்கு 48,000தான் வழக்கம், அதை முதல் நாளே எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டால் போதும். ஃபோனில் எடுத்த காட்சியும் திரைப்பதிவும் இருந்தால் இன்னொரு சந்தேகம் வர வேண்டும்: அவற்றில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப மாறும். எடிட்டில் போடுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் மாதிரி வீடியோ மாற்றும் மென்பொருள் ஒன்றில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவில் விலகியிருந்தால் தொடக்கப் புள்ளிதான் வேறு. எம்பி3 ஆக அனுப்பினீர்களா என்று பாருங்கள். அந்த வடிவம் தொடக்கத்தில் சில பத்து மில்லிநொடி மௌனத்தைச் சேர்த்துவிடும், 24 ஃப்ரேம் வேகத்தில் ஒரு ஃப்ரேம் என்பதே சுமார் 42 மில்லிநொடிதான். வேலைக்கு வேவ் (சுருக்காத ஒலி) ஃபைல் மட்டும். இதற்கு சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பழைய வழி ஒன்று உண்டு: படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1,000 ஹெர்ட்ஸ் 'பீப்' வைப்பார்கள், அதே ஃப்ரேமில் திரையிலும் ஓர் அடையாளம் இருக்கும். ஃபைலை வாங்கியவர் பீப்பையும் அடையாளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தீர்ந்தது. வைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஓரிடம் வரை கச்சிதமாக இருந்து அங்கிருந்து எல்லாம் தப்பினால், இசை போட்ட பிறகு யாரோ படத்தை வெட்டியிருக்கிறார். மனசு உடைவது இங்கேதான். எங்கள் குழுவில் எடிட் செய்தவன் ஒரு ஷாட்டில் 14 ஃப்ரேம் எடுத்துவிட்டான், அவனுடைய பார்வையில் அது நல்ல முடிவுதான், அந்த ஷாட் உண்மையிலேயே இழுத்துக்கொண்டு இருந்தது. "வெறும் 14 ஃப்ரேம்தானே" என்றான். அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அதற்குப் பின்னால் நான் கையால் உட்கார வைத்திருந்த காலடி ஓசை ஒவ்வொன்றும், தண்ணீர் சொட்டு ஒவ்வொன்றும், கதவு மூடும்போது வந்து முடிய வேண்டிய இசையும் அரை நொடி தள்ளி நின்றன. ஓசைகளையெல்லாம் மொத்தமாகப் பிடித்து இழுத்துவிடலாம், இசையை அப்படி இழுக்க முடியாது, வெட்டிய இடத்தில் தாளம் தடுக்கும். அவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமே இல்லை, நாங்களும் சொல்லி வைக்கவில்லை.

ஆகவே எடிட் பூட்டும் தேதி ஒன்றைக் குறியுங்கள். 'பிக்சர் லாக்' என்பது அதுதான். அந்தத் தேதிக்கு அப்புறமும் வெட்ட வேண்டி வரலாம், வரும். வெட்டுகிறவர் "இந்த நேரக்குறியில், இத்தனை ஃப்ரேம், எடுத்தேன் அல்லது சேர்த்தேன்" என்று ஒரு வரி எழுதி ஒலிக்காரரிடம் கொடுத்தால் போதும். ஒலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

இசையும் அசைவும் சேர்ந்து துள்ள வேண்டிய படமாக இருந்தால் ஒரு கணக்கைச் சுவரில் ஒட்டி வையுங்கள். 24 ஃப்ரேம் வேகத்தில் 1,440ஐ இசையின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணால்) வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று வரும். 120 பிபிஎம் என்றால் 12 ஃப்ரேம், 96 என்றால் 15, 90 என்றால் 16, 80 என்றால் 18. இசைக்காரர் 100 வைத்தால் 14.4 வரும், அனிமேஷன் செய்கிறவர் அந்த 0.4ஐ எங்கே கொண்டுபோய் வைப்பார்? 100க்குப் பதில் 96 எடுத்துக்கொள்ளச் சொன்னால் இசைக்காரர் பெரிதாக மறுக்கமாட்டார். அனிமேஷனுக்கோ நடை, கைவீச்சு, கண்சிமிட்டல் எல்லாம் முழு எண்ணில் வந்து உட்கார்ந்துவிடும்.

## மாடல் படுத்துக் கிடக்கிறது, அல்லது மலை அளவுக்கு வந்திருக்கிறது

3டி மாடல் அதைச் செய்தவரின் திரையில் நன்றாக நிற்கிறது, கேம் எஞ்சினில் (விளையாட்டை ஓட்டும் மென்பொருளில்) குப்புற விழுந்துவிடுகிறது. மாடல் செய்தவர் மேல் கோபப்பட வேண்டாம். 3டி மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் உயரம் என்பது இசட் அச்சு, கேம் எஞ்சினான யூனிட்டியில் ஒய் அச்சு. இன்னொரு எஞ்சினான அன்ரியலில் உயரம் இசட், ஆனால் அளவு சென்டிமீட்டர். இன்னொரு 3டி மென்பொருளான மாயாவும் வழக்கமாக சென்டிமீட்டரில் திறக்கும், யூனிட்டி மீட்டரில். இந்த நூறு மடங்கு வித்தியாசம்தான் ஒருவரின் மேசை இன்னொருவருக்கு மலையாகவோ கடுகாகவோ தெரியக் காரணம். யூனிட்டியில் சுழற்சிப் பெட்டியில் −89.98 என்று ஓர் எண் நின்றால் பிளெண்டரிலிருந்து அச்சு மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அனுப்பும் முன் பிளெண்டரில் பொருளைத் தேர்ந்து கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி அளவையும் சுழற்சியையும் பொருளிலேயே பதித்துவிடுங்கள், ஏற்றுமதி அமைப்பை ஒரு முறை சரிபார்த்து எல்லாரும் அதையே பயன்படுத்துங்கள்.

பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரிந்தால் நார்மல் மேப்பின் (மேடுபள்ளத்தை வண்ணத்தில் குறித்து வைக்கும் படத்தின்) பச்சை சேனல் தலைகீழாக இருக்கிறது. யூனிட்டியும் பிளெண்டரும் ஓபன்ஜிஎல் முறை, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை. பச்சையை மட்டும் திருப்பினால் சரியாகிவிடும்.

முதல் நாள் ஒரு மீட்டர்க் கனசதுரம் ஒன்றைச் செய்து, ஒரு முகத்தில் சிவப்பு அம்பு வரைந்து, எஞ்சினுக்கு அனுப்பிப் பாருங்கள். அது நேராக, சரியான அளவில், அம்பு சரியான திசையில் வந்து நின்றால் பின்னால் வரும் நூறு பொருளும் அப்படியே வரும்.

## ஃபைல் திறக்கிறது, உள்ளே பாதி இல்லை

எடிட் ஃபைலை அனுப்பினீர்கள், எதிரில் எல்லாம் சிவப்புக் கட்டம். எடிட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது, வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். அந்த முகவரி உங்கள் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பைக் காட்டினால் இன்னொருவருக்கு என்ன பயன். முழு ஃபோல்டரையும் ஒரே அமைப்பில் எல்லாரிடமும் வைத்துக்கொள்ளுங்கள், டவுன்லோட்ஸிலிருந்து நேராக இழுத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கலப்பதும் சிக்கல்: விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் வேறாகப் பார்க்கும், உங்கள் கம்ப்யூட்டரில் ஓடிய விளையாட்டு அங்கே படம் கிடைக்காமல் நிற்கும்.

தமிழ் எழுத்து உடைந்து, 'கொ'வின் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் விழுந்திருந்தால் அந்த மென்பொருளின் எழுத்து அமைப்பு இந்திய மொழிகளுக்கு மாற்றப்படவில்லை. அமைப்பில் அதை மாற்றுங்கள், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மாற்ற வேண்டும். முடியவில்லை என்றால் தலைப்பு எழுத்தை வடிவமைப்பாளரே படமாக்கிக் கொடுத்துவிடுவது நல்லது. வேறு துறை நண்பர்கள் தமிழ் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் உடைந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது, ஆகவே கடைசிப் பிரதியைத் தமிழ் தெரிந்தவர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

'ஃபைனல்', 'ஃபைனல்2', 'உண்மையான ஃபைனல்' என்று வந்துவிட்டால் தேதியும் பதிப்பு எண்ணும் பெயரில் இருக்கட்டும், 'ஃபைனல்' என்ற சொல்லையே தடைசெய்யுங்கள். கோடு எழுதுகிறவர் "கிட் போட்டுக்கலாம்" என்பார், ஃபைலின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் மென்பொருள் அது. கோடுக்கு அது அருமையானது. ஆனால் இரண்டு பேர் ஒரே பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) ஃபைலில் ஒரே நேரத்தில் கை வைத்தால் கிட் அதைச் சேர்த்துத் தராது, ஒருவருடைய வேலை போகும். கிட் ஃபைல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேல் ஒரு ஃபைலை நேராக ஏற்றவும் முடியாது, பெரிய ஃபைலுக்கான எல்எஃப்எஸ் என்ற கூடுதல் வசதி வேண்டும். வரைகிறவர்களை கட்டாயப்படுத்தி கமாண்ட் அடிக்க வைப்பதை விட, "இந்த ஃபைல் இப்போ என் கையில்" என்று குழு அரட்டையில் ஒரு வரி போடும் பழக்கம் நன்றாக வேலை செய்கிறது.

சுவரொட்டி அச்சில் மங்கிப்போனால் சுருக்கமாக: திரையின் வண்ணம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சின் வண்ணம் சிஎம்ஒய்கே (நான்கு மை), பளீர்ப் பச்சையும் மின்னும் நீலமும் அச்சு மையில் வராது. ஏ3 தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 பிக்சல் வேண்டும், சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.

## கடைசி ஆள் மூழ்குகிறார்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அங்கே நின்றிருக்கிறேன். கதை ஒரு வாரம் தாமதம், ஓவியம் நான்கு நாள் தாமதம், அனிமேஷன் ஐந்து நாள் தாமதம், தாமதித்த யாரும் பெரிய தப்பு செய்துவிடவில்லை, ஆனால் சமர்ப்பிக்கும் தேதி நகரவில்லை. எல்லாருடைய தாமதமும் வரிசையின் கடைசியில் இருப்பவர் தலையில் வந்து உட்காரும், அது பெரும்பாலும் ஒலிக்காரர், வண்ணம் பார்க்கிறவர், அல்லது எல்லாவற்றையும் சேர்க்கும் புரோகிராமர். மூன்று வாரம் என்று பேசிய வேலைக்கு இரண்டு இரவு கிடைக்கும். படம் சுமாராக வந்தால் "மியூசிக் சரியில்லை" என்ற பேச்சும் அவருக்கே.

ஒருவர் வேலையில் எவ்வளவு நேரம் போகிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாததுதான் வேர். ஒரு நிமிட 3டி அனிமேஷன் என்றால் 1,440 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக (கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் படமாக்க) 3 நிமிடம் என்று வைத்தால் 4,320 நிமிடம், அதாவது 72 மணி நேரம். மூன்று முழு நாள், மின்சாரம் போகாமல், கம்ப்யூட்டர் நடுவில் நிற்காமல் ஓடினால். "வெளிச்சத்தைக் கொஞ்சம் மாத்தினா நல்லாருக்கும்" என்று இயக்குநர் சொல்லும் ஒரு வாக்கியத்தின் விலை இது. அவர் கெட்டவரல்ல, அவருக்கு இந்தக் கணக்கு சொல்லப்படவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தன் துறையில் ஒரு சாதாரண மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மணிக்கணக்கில் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். வசனத்தில் ஒரு வரி மாற்ற 5 நிமிடம், அந்த வரியை மறுபடி பேசிப் பதிவு செய்ய அரை நாள், உதட்டு அசைவை மாற்ற இரண்டு நாள் என்று பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் யாரும் போகிறபோக்கில் மாற்றம் கேட்கமாட்டார்கள்.

அட்டவணையைக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசி ஆளுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று முதலில் அவரையே கேட்டு, அந்த நாட்களை வெட்டி எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைத்தான் மற்றவர்கள் பங்கிட வேண்டும். கடைசி ஆளை முதல் நாளிலிருந்தே வேலையில் சேருங்கள். கரட்டு அனிமேட்டிக் (ஓவியங்களை நேரப்படி அடுக்கிய முன்படம்) கையில் வந்தாலே ஒலிக்காரர் பாதி வேலையைத் தொடங்கிவிடலாம். அவர் தொடங்கும்போது "இந்த சீனில் வசனமே வேண்டாம், இந்த ஓசை போதும்" என்று சொல்லக்கூடும், அந்தக் காட்சியை வரையும் வேலையே குறைந்துபோகும். கடைசியில் வருகிறவருக்கு அலங்கரிக்க மட்டும்தான் முடியும், முதலில் வந்தால் கதையிலேயே கை வைப்பார்.

ஏற்கெனவே மூழ்கிவிட்டீர்கள், இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால், ஆள் சேர்க்காதீர்கள். புதிதாக வருகிறவருக்கு விளக்கவே ஒரு நாள் போகும். 4 பேர் என்றால் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 6, 6 பேர் என்றால் 15. காட்சியைக் குறையுங்கள். ஆறு நிமிடத்தை நான்கு நிமிடமாக்குவது வலிக்கும், ஆனால் முடிந்த நான்கு நிமிடத்தைக் காட்டலாம். முடியாத ஆறு நிமிடத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

## கருத்துக் கேட்டால் "நல்லாருக்கு" மட்டும், அல்லது சண்டை

வேறு துறைக்காரரிடம் கருத்துச் சொல்ல பயம் இருக்கும். இசை தெரியாதவர் இசையைப் பற்றி என்ன சொல்வார்? "நல்லாருக்கு" என்பார். உள்ளுக்குள் பிடிக்காமல் இருக்கும், அது மூன்று வாரம் ஊறி, சமர்ப்பிக்கும் முந்தைய நாள் வெடிக்கும். இன்னொரு பக்கம், தைரியம் கூடியவர் நேராகத் தீர்வைச் சொல்வார்: "இங்க ஒரு புல்லாங்குழல் போடு." இரண்டும் வேலைக்கு ஆகாது.

நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லுங்கள், எப்படிச் சரிசெய்வது என்பதை அந்தத் துறைக்காரருக்கு விடுங்கள். "ஒன்றாவது நிமிடத்தில் அம்மா திரும்பும்போது எனக்குப் பயம் வந்தது, வர வேண்டியது பயமா?" என்று கேட்டால் இசைக்காரருக்கு உடனே புரியும், எந்த வாத்தியத்தை எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இடம், உணர்வு, கேள்வி. இசையில் ஒரு சொல் தெரியாதவரும் இதைச் சொல்லலாம், சொல்லப்போனால் அவர் சொல்வதுதான் மதிப்பு கூடியது, படத்தைப் பார்க்கப்போகிறவர்களும் அவரைப் போன்றவர்கள்தானே.

எடிட்டர் தற்காலிகமாக வேறொரு இசையைப் போட்டு ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் அது காதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் குழுவின் இசைக்காரர் எதைக் கொண்டுவந்தாலும் "அது மாதிரி இல்லை" என்றுதான் தோன்றும். தற்காலிக இசை போட வேண்டுமென்றால் இசைக்காரரே போடட்டும், தன் பழைய துண்டு எதையாவது.

யாராவது ஒருவர் இரவோடு இரவாக இன்னொருவரின் ஓவியத்தைத் திருத்தி வைத்திருந்தால், திருத்தம் நன்றாகவே இருந்தாலும், உடனே பேசுங்கள், மறுநாள் என்று விடாதீர்கள். முதலில் பழைய பதிப்பைத் திரும்ப எடுத்து வையுங்கள், பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு துறையிலும் கடைசிச் சொல் யாருடையது என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால் இந்த இரவு வேலை பெரும்பாலும் நடக்காது. மொத்தப் படத்துக்குக் கடைசிச் சொல் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். எல்லாரும் நண்பர்கள் என்பதால் அதை எழுதாமல் விடுகிற குழுக்கள்தான் நட்பை இழப்பதைப் பார்க்கிறேன்.

## ஒருவர் காணாமல் போய்விட்டார்

மெசேஜ் பார்க்கிறார், பதில் இல்லை. முதலில் அவர் கையில் உண்மையில் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இசைக்காரர் காட்சிக்காகக் காத்திருக்கிறார், காட்சிக்காரரோ இசை வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருக்கிறார், இப்படி இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பத்து நாள் போன கதைகள் உண்டு.

வேலை இருந்தும் வரவில்லை என்றால், அந்த வேலைக்கு அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்ட கணக்குப்படி, 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஓர் ஆளுக்கு வந்த பலம், தனியாக இழுத்ததில் பாதிகூட இல்லை. அதில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் இழுக்காததால் போனது, இன்னொரு பங்கு ஊக்கம் குறைந்ததால் போனது. பின்னால் வந்த சோதனைகளில், தன் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தவர்களிடம் இந்தத் தளர்ச்சி பெரிதும் குறைந்தது. "ஓவியம்: நாம் எல்லாரும்" என்று எழுதியிருந்தால் யாரும் இழுக்கமாட்டார்கள். "காட்சி 4, பின்னணி, நீ, வியாழன் மாலை" என்று எழுதினால் இழுப்பார்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் ஒரு ஆள் மட்டும் தனியாகப் போய்ப் பேசுங்கள், குழு அரட்டையில் கேள்வி கேட்காதீர்கள். வீட்டுப் பிரச்சினை, உடம்பு, அல்லது மற்றவர்கள் எல்லாம் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்ற கூச்சம், இந்த மூன்றில் ஒன்றாக இருப்பதை நிறைய பார்த்திருக்கிறேன். வேலையைச் சின்னதாக்கிக் கொடுத்தால் கூச்சப்பட்டவர் திரும்பி வந்துவிடுவார். உடம்பு, வீடு என்றால் அவரை விட்டுவிட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆசிரியரிடமும் உடனே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொன்னால் அது கோள் மாதிரிதான் கேட்கும்.

## படம் முடிந்தது, வெளியே காட்ட முடியவில்லை

இணையத்தில் எடுத்த இசையால் படம் முடக்கப்பட்டிருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தது என்பீர்கள், அதன் கீழே 'என்டி' என்ற இரண்டெழுத்து இருக்கிறதா பாருங்கள். மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனை அது, இசையைப் படத்தோடு பொருத்துவதையே அந்த உரிமம் மாற்றம் என்று கணக்கிடுகிறது, நீங்கள் ஒரு நொடிகூட வெட்டாவிட்டாலும். 'பிஒய்' என்றால் செய்தவர் பெயரைப் போட வேண்டும். எழுத்துரு, படம், ஓசை எதை வெளியிலிருந்து எடுத்தாலும், எடுத்த அன்றே எங்கிருந்து, என்ன உரிமம் என்று ஒரே ஃபைலில் எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசியில் தேடினால் கிடைக்காது.

குழுவுக்குள்ளேயும் இதே கேள்வி உண்டு: இசைக்காரர் அந்த இசையை மட்டும் தனியாக வெளியிடலாமா, ஓவியர் பாத்திரங்களை வேறு கதையில் பயன்படுத்தலாமா. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் முதல் வாரத்திலேயே நான்கு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலையும் கடைசி இரவுக்கு விடாதீர்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் கையால், தான் எழுதும் எழுத்துக்கூட்டலில், முன்னெழுத்தோடு தட்டச்சு செய்து, அதற்கு நேராகத் தான் செய்த வேலையையும் எழுதித் தரட்டும். பட்டியலைச் சேர்ப்பவர் அதை அப்படியே ஒட்டட்டும், படித்துப் பார்த்துத் தட்ட வேண்டாம்.